இடது பக்க விளக்கு

அந்தச் சனிக்கிழமை மரியரஞ்சனி நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பேர்கனுக்கு ரயிலில் போவதாக இருந்தது. அவளுடைய கணவர் ஸ்ரனிஸ்லாஸ் அதே நாளில் அதே பேர்கனுக்குக் காரில் போவதாக இருந்தார். இருவரும் போவது ஒரே வீட்டுக்குத்தான். பேர்கனில் தாதியாக வேலை செய்யும் மகள் யூலியா புதிதாக வீடு வாங்கியிருந்தாள். ஞாயிறு மத்தியானம் பாதர் வந்து வீட்டை மந்திரிக்கிறார்.

"அம்மா ரயிலிலையும் அப்பா காரிலையும் வந்து இறங்கினா ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று யூலியா போனில் கேட்டாள்.

"ரெண்டு பேரும் வந்து சேருவம். அதுதானே உனக்கு வேணும்?" என்றாள் மரியரஞ்சனி.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கார். ஜூலை மாதம் ஸ்ரனிஸ்லாஸ் வாங்கியது. பழைய ஸ்போட்ஸ் கார். கரும்பச்சை, இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. எல்லிங்ஸ்ருட்டில் அவர்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பின் முன்னால், குழந்தை வண்டிகள் ஏற்றுகிற பெரிய கார்களுக்கு நடுவில் அது நிற்கும்போது போகிறவர்கள் ஒருதரம் நின்று பார்ப்பார்கள். மரியரஞ்சனி மட்டும் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. கடைக்கென்றால் பஸ். பூசைக்கென்றால் சுரங்க ரயில்.

"ஏன் ஏறமாட்டன் எண்டுறீர்?" என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தார்.

"எனக்குக் குனிஞ்சு ஏறேலாது."

ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகக் குனிந்து நாள் முழுக்க நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கிறவள் அவள். அவளுக்குக் குனிய முடியாது என்பதை ஸ்ரனிஸ்லாஸ் நம்பவில்லை. ஆனாலும் மேலே கேட்கவும் இல்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காரின் இடது முன்விளக்கு அணைந்துபோயிற்று. நோர்வேயில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட வேண்டும். ஒற்றைக் கண்ணோடு மலை தாண்டிப் போக முடியாது. கராஜுக்குப் போன் செய்தால், இந்த மாதிரிக் காருக்கு முன்பம்பரைக் கழற்றித்தான் பல்ப் மாற்றலாம், அடுத்த கிழமைக்கு முன்னர் நேரமில்லை என்றார்கள்.

"ஒரு பல்ப் மாத்த முகத்தையே கழட்டுறதோ?" என்று சிரித்துவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் போனை வைத்தார். பக்கத்து ஊரான புருசெத்தில் ஒரு கடையில் இரண்டு பல்புகள் வாங்கினார். ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கமும் கெதியாகப் போகும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். இரவு ஒரு வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். சனிக்கிழமை காலை பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்பானரும் குறடும் கிடந்த ஆயுதப் பெட்டியோடு கீழே இறங்கினார். காலைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று அவருக்கு நிச்சயமாக இருந்தது.

முன்மூடியைத் திறந்தார். விளக்கின் முதுகை பற்றரி மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூசைப் புத்தகத்தைச் செருகலாம், அவருடைய கையைச் செருக முடியாது. இருந்தும் செருகினார். புறங்கைத் தோல் உரஞ்சிப் போயிற்று. விரல் நுனியில் பிடித்திருந்த புது பல்ப் வழுக்கி, எங்கெங்கோ தட்டுப்பட்டு, கடைசியில் தார் நிலத்தில் விழுந்து உடைந்தது.

மேலால் சரிவராது என்று தெரிந்ததும் கீழால் போனார். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பி, இடது சக்கரத்துக்கு முன்னால் இருந்த கறுப்புப் பிளாஸ்ரிக் மறைப்பின் ஆணிகளைக் கழற்றி, மறைப்பை மடித்துப் பிடித்தார். உள்ளே ஒரு துவாரம் தெரிந்தது. வீடியோவில் அந்த மனிதன் செய்தது இதைத்தான். ஆனால் அவன் காரைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்துவிட்டு நின்றபடி செய்தான். ஸ்ரனிஸ்லாஸ் அட்டையில் படுத்துக் கையை விட்டார். மணிக்கட்டுக்குக் கிட்டப் போய், பெருவிரலின் அடியில் கை இறுகி நின்றுவிட்டது.

அப்போதுதான் சூட்கேஸ் சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது.

"நான் வெளிக்கிடுறன்," என்றாள் மரியரஞ்சனி. "இடியப்பம் மேசையிலை மூடி வைச்சிருக்கு."

"ஓம். போயிட்டு வாரும்," என்று சக்கரத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவள் போகவில்லை. அவருடைய மற்றக் கை அட்டைக்கு வெளியே கிடந்தது. அதில் ரத்தம்.

"கையிலை என்ன?"

"ஒண்டுமில்லை. உரஞ்சினது."

"காட்டுங்கோ."

அவர் எழுந்து உட்கார்ந்து கையைக் காட்டினார். அவள் கைப்பையிலிருந்து ஈரக் கடுதாசி எடுத்துத் துடைத்துவிட்டாள். பிறகு குனிந்து துவாரத்தைப் பார்த்தாள். திரும்பவும் அவருடைய கையைப் பார்த்தாள்.

"உதுக்குள்ளையோ இந்தக் கை போக வேணும்?"

"போகும். கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"எவ்வளவு நேரம் எடுத்தாலும் போகாது. உங்கட பெருவிரல் விடாது."

கோட்டைக் கழற்றிக் காரின் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். கை மணிக்கூட்டையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தாள்.

"ரஞ்சி, ரயில்?"

"இன்னும் நேரம் இருக்கு. அட்டையை இஞ்சாலை இழுங்கோ."

அவள் படுத்துக் கையை உள்ளே விட்டாள். அவளுடைய மெல்லிய கை முழங்கை வரைக்கும் தடங்கலில்லாமல் போயிற்று. ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்தில் முழங்காலில் நின்று ரோச் அடித்தார். ரோச் வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் அவளுடைய முழங்கைதான். ஆனாலும் அவர் விடாமல் அடித்தார்.

"வட்டமாய் ஒரு மூடி முட்டுது."

"அதுதான். இடப்பக்கம் திருப்பும்."

"ஆரின்ர இடப்பக்கம்? காரின்ரையோ என்ரையோ?"

ஸ்ரனிஸ்லாஸ் யோசித்தார். காருக்குள் இருப்பதைப்போல நினைத்துக்கொண்டு வெறுங்காற்றில் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முடிவுக்கு வருவதற்குள் மூடி கழன்றுவிட்டது. அடுத்து வயர் செருகியை இழுத்து எடுத்தாள். அதற்குப் பின்னால் பல்பை அமத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கவ்வி. அதைக் கண்டுபிடிக்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே தெரியாத நரம்பைத் தேடும்போதும் அவள் அப்படித்தான் செய்வாள். கவ்வி விலகியது. கறுத்துப்போன பழைய பல்ப் வெளியே வந்தது.

மிச்சமிருந்த ஒரே பல்பை ஸ்ரனிஸ்லாஸ் நீட்டினார். "கண்ணாடியிலை விரல் படக்கூடாது. விரலிலை இருக்கிற எண்ணெய் பட்டா சூட்டிலை கெதியாய்ப் போயிடும். இரும்பிலை பிடியும்."

"இதை நீங்கள் முதல் பல்புக்கும் செய்திருக்கலாம்," என்று தார் நிலத்தில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு அவள் அதை உள்ளே கொண்டுபோனாள்.

பல்ப் அதன் குழியில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். இரண்டு விரலால் அதைப் பிடித்தபடி மூன்றாவது விரலால் அந்த இடத்தைத் தேடினாள். கையை எடுக்கவும் முடியாது, அசைக்கவும் முடியாது. அவரும் ரோச்சை விட்டுவிட்டுப் போக முடியாது.

"ஒண்டு கேக்கட்டே?" என்றாள்.

"என்ன, இருந்திட்டுதோ?"

"பல்ப் இல்லை. நீங்கள் கார் வாங்கினது புளோறன்சுக்கு ஏன் எனக்கு முதல் தெரிஞ்சது?"

ஜூலையில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்ற நேரம், பூசைக்கு வரும் சிநேகிதி புளோறன்ஸ் மரியரஞ்சனியின் கையைப் பிடித்து, "கார் நல்ல வடிவாம், ரஞ்சி. எங்கட ஆளும் கூடப்போய்ப் பாத்தவர்," என்றாள். புளோறன்சின் கணவர் கூடப்போய்ப் பார்த்தது எந்தக் கார் என்று மரியரஞ்சனிக்குத் தெரியாது. ஆனாலும் "ஓம், ஓம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் வாயில் கசந்தது. இதை இப்போது, கையைக் காருக்குள் வைத்தபடி, முதல் தரமாகச் சொன்னாள்.

"ரோச்சை ஆட்டாதேங்கோ."

"நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப?"

"கார் வந்தாப்பிறகு. முதலே சொன்னா நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம், வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றாள் அவள். "ரெண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பன். பிறகு ஓம் எண்டிருப்பன். அந்த ரெண்டு கிழமையை ஏன் எனக்குத் தரேல்லை?"

நாயோடு வந்த பக்கத்து வாசல் மனிதர் ஒருவர், காருக்கு அடியிலிருந்து நீளும் காலுறை போட்ட கால்களைப் பார்த்து நின்று, உதவி வேண்டுமா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது, நன்றி என்று மரியரஞ்சனி அதே மொழியில் கீழேயிருந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பல்ப் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கவ்வியைப் பூட்டினாள், வயரைச் செருகினாள். "போடுங்கோ பாப்பம்," என்றாள்.

ஸ்ரனிஸ்லாஸ் ஏறி விளக்கைப் போட்டார். மங்கலான செப்ரெம்பர்க் காலை. எதிரே குப்பை அறையின் சாம்பல் சுவரில் வலது விளக்கின் வெளிச்சம் கீழே ஒழுங்காக விழுந்தது. இடது விளக்கின் வெளிச்சம் சுவரைத் தாண்டி, முதல் மாடியில் யாரோ ஒருவருடைய குசினி யன்னலுக்குள் போயிற்று.

"எரியுது!" என்றார் அவர் சந்தோஷமாக.

"எரியுது. வானத்தைப் பாத்து எரியுது. நிப்பாட்டுங்கோ."

"பரவாயில்லை ரஞ்சி, எரிஞ்சாக் காணும்—"

"எதிர வாறவனுக்குக் கண் கூசும். பல்ப் சரியா இருக்கேல்லை. கதைச்சுக் கதைச்சுச் செய்தா இப்பிடித்தான்." அவள் திரும்பவும் அட்டையில் படுத்துவிட்டாள்.

இந்தத் தரம் அவள் வாயைத் திறக்கவில்லை. பேசியது ஸ்ரனிஸ்லாஸ்.

"நான் இருபத்தேழு வருசம் ட்ராம் ஓடினனான்," என்றார். "ட்ராமிலை ஸ்டியரிங் இல்லை. உமக்குத் தெரியும். தண்டவாளம் எங்கை போகுதோ அங்கை நானும் போவன். ஒருக்காலும் அது எனக்குக் கஷ்டமாய் இருக்கேல்லை. வேலையை விட்டாப்பிறகுதான், எனக்கு விருப்பமான பக்கம் திருப்பிப் பாக்க வேணும்போலை ஒரு ஆசை வந்தது. அதுவும் வேகமாய். அறுபது வயசிலை இதை உமக்குச் சொன்னா நீர் சிரிப்பீர் எண்டு நினைச்சன்."

உள்ளே ஏதோ உரஞ்சும் சத்தம் வந்தது.

"வேண்டாம் எண்டதுக்குப் பயப்பிடேல்லை. சிரிப்புக்குத்தான் பயந்தனான். புளோறன்சின்ர மனிசன் சிரிக்கமாட்டார், அவருக்கும் கார் விசர். அதாலை அவரைக் கூட்டிக்கொண்டு போனன். அது பிழைதான், ரஞ்சி."

"சிரிச்சிருப்பன்," என்றாள் அவள், துவாரத்துக்குள்ளிருந்து.

"பாத்தீரே!"

"ஆனா நல்லாயிருக்கு எண்டுதான் சிரிச்சிருப்பன். இருவத்தேழு வருசமாய் ஸ்டியரிங் இல்லாத ஆள்…" அவளுக்கு இப்போதே சிரிப்பு வந்துவிட்டது. "பொறுங்கோ, பொறுங்கோ. சிரிப்புக் காட்டாதேங்கோ. ஆ… இருந்திட்டுது. இந்தத் தரம் டிக் எண்டு விழுந்தது."

இரண்டு வெளிச்சமும் சுவரில் ஒரே உயரத்தில், ஒரே கோடாக விழுந்தன. அவள் காருக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தலைமயிரில் காய்ந்த சேறு. கன்னத்தில் கறுப்புக் கோடு. அவளுக்குத் தன்மேல் நல்ல திருப்தி.

"பம்பர் கழட்டாமலே!" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"வலப்பக்கத்தையும் திரும்பி வந்து மாத்துவம். அதையும் நான்தான் செய்வன். நீங்கள் பல்பை உடைக்காமல் வாங்கிக்கொண்டு வாங்கோ."

ரயிலைப் பற்றி இருவரும் பேசவில்லை. மறைப்பை அவர் திரும்பப் பூட்டி முடித்தபோது, அவள் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் அவரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே போய் முகம் கழுவி, இடியப்பத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். காரின் பின்பெட்டியில் அவருடைய பையும் அவளுடைய சூட்கேசும் ஒன்றாக அடங்கவில்லை. அவருடைய பையைப் பிரித்து, உடுப்புகளைச் சூட்கேசின் இடுக்குகளில் செருகினாள். பிறகு கார்ச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ."

"நீர் ஓடப்போறீரோ? ரஞ்சி, இது மற்றக் கார் மாதிரி இல்லை. கிளச் கொஞ்சம்—"

"காட்டித் தாங்கோ. நான் உங்களுக்குப் பல்ப் போட்டுத் தந்தனான்தானே."

குனிந்து ஏறுவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. முதல் சந்தியில் கார் ஒருதரம் குதித்து நின்றது. இரண்டாவது சந்தியில் நிற்கவில்லை. நகரத்தைத் தாண்டி நீரோரமாக வீதி வளையத் தொடங்கியபோது அவள் இருக்கையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "வளைவிலை நல்லாப் பிடிக்குது என்ன," என்றாள். ஸ்ரனிஸ்லாஸ் மடியில் இடியப்பப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம், அதுதான் இதின்ர விசேஷம்," என்றார். கோல் என்ற ஊர் வரைக்கும் அவளே காரை ஓட்டினாள். அங்கே ஆற்றைப் பார்த்து நின்று சாப்பிட்டார்கள். அதிலிருந்து மலைக்கு அவர் ஓடினார். மேலே பேர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. நீண்ட சுரங்கப் பாதைகளுக்குள் இரண்டு விளக்கும் பாறைச் சுவரில் சமமாக ஓடின. ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் அவள் அதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள். கடைசி ஒரு மணி நேரத்துக்குத் திரும்பவும் திறப்பைக் கேட்டு வாங்கினாள்.

பேர்கனில் மழை. யூலியா சப்பாத்துக்கூடப் போடாமல் மாடிப் படிகளில் இறங்கி ஓடிவந்தாள். சாரதி இருக்கையில் அம்மாவையும் பக்கத்தில் அப்பாவையும் கண்டு நடுவழியில் நின்றுவிட்டாள்.

"கடவுளே! ஆர் இவ்வளவு தூரமும் ஓடினது?"

"நான்தான்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.