மாமா வீட்டுக் கீழ்த்தளம்

வீங்கிய கன்னத்தோடு வந்திறங்கிய மாமா, நான் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதைக் காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

“எங்க ஊர்ப் பக்கத்து காலேஜ்ல சேரு. மேற்படிப்பும் அங்கயே முடி. அப்புறம் என் வீட்டுக் கீழ்த்தளம் சும்மாதானே கிடக்கு, அங்கயே கிளினிக் போட்டுடு. ஊர்ல ஒரு பல் டாக்டர்கூட கிடையாது.”

அம்மா தலையாட்டினாள். தன் தம்பி வாயைத் திறந்தாலே அவளுக்குத் தலை தானாக ஆடும்.

“அதே கீழ்த்தளத்துல ஒரு பல் டாக்டர் இருந்தாரே, மாமா?”

“காலி பண்ணிட்டுப் போயிட்டார். ஆள் வந்தாத்தானே.”

“நீங்களாவது அவர்கிட்ட போயிருக்கலாமே.”

மாமா கன்னத்தைத் தாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உள்ளூர் ஆளை நம்பி எவனாவது வாயைத் திறப்பானா? அதனாலதானே பல்லைக் காட்ட இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”