அணியில் மிச்சமிருந்த ஓர் இடம்

அலபாமாவில் கல்லூரி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய காலத்தில் லமார்கஸ் டாலிவருக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓட ஆரம்பித்தால் அரங்கமே எழுந்து நிற்கும். அவனுக்கு மாற்றாக மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஹோலிஸ் பாய்கின். “உன்னோட டிரஸ்ஸைத் துவைக்கவே வேணாம்டா” என்று லமார்கஸ் கேலி பண்ணுவான்.

தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது லமார்கஸ் ஆறாவது சுற்றில் தேர்வானான். ஹோலிஸை யாரும் சீண்டவில்லை. பிறகு அதே அணி, வந்து பயிற்சியில் ஓடிப் பார் என்று அவனையும் கூப்பிட்டது. பந்தோடு ஓடுகிற ஓட்டக்காரனுக்கு இருந்தது ஒரே ஓர் இடம்.

கல்லூரியில் எதிராளிகளுக்கு நடுவே லமார்கஸுக்கு வாசல் மாதிரி திறந்த இடைவெளிகள், இங்கே அவன் போய்ச் சேர்வதற்குள் மூடிக்கொண்டன. அது மட்டுமா? பந்தை எறிபவன்மேல் பாய வருகிறவனைக் குறுக்கே நின்று தடுப்பதும் இங்கே ஓட்டக்காரன் வேலை. அதை அவன் செய்ததே இல்லை. ஹோலிஸ் மூன்று வருஷமாகப் பயிற்சியில் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

பந்தை எறியும் வெஸ்லி கிராண்டல், சாப்பாட்டு மேஜையில் ஹோலிஸுக்கு நாற்காலி பிடித்து வைத்தான். “நீ பக்கத்துல நின்னா எனக்கு முதுகு கூசலடா” என்றான். எதிர் மேஜையில் லமார்கஸ் கோழிக்கறித் தட்டைத் தள்ளி வைத்தான்.

சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம். அதற்கு முந்தின நாள் கூட்டத்தில் ஒரு தடுப்பு முறையை மாற்றியிருந்தார்கள். ஹோலிஸ் அப்போது கணுக்காலுக்குச் சிகிச்சையில் இருந்தான். உடை மாற்றும் அறையில் லமார்கஸிடம் வந்து கேட்டான்.

“லமார், வலது பக்கம் ரெண்டு பேர் பாய்ஞ்சா யாரைப் பிடிக்கணும்? மாத்திட்டாங்களாமே?”

உள்பக்கமாக வருகிறவனை. லமார்கஸுக்கு நன்றாகத் தெரியும்.

“வெளிப்பக்கமா வர்றவனை” என்றான்.

மூன்றாவது கால்பகுதியில் இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஹோலிஸ் வெளிப்பக்கத்து ஆளை மறிக்கப் போனான். உள்பக்கமாக வந்தவன் வெஸ்லியைத் தரையோடு சாய்த்தான். வெஸ்லி எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆனது.

“எவன்டா உனக்கு அப்படிச் சொன்னது?” என்று கோச் கத்தினார்.

ஹோலிஸ் பெஞ்சில் இருந்த லமார்கஸைப் பார்த்தான். “நான்தான் குழம்பிட்டேன், கோச்.”

அடுத்து லமார்கஸை இறக்கினார்கள். அதே மாதிரி இரண்டு பேர் பாய்ந்தார்கள். சரியான ஆளைத்தான் மறித்தான். அவனோ இவனை உருட்டித் தள்ளிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் லமார்கஸிடம் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அலமாரியைக் காலி பண்ணும்போது ஹோலிஸ் வந்து நின்றான்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“உன்னைப் பார்த்தா வயிறு எரியுதுடா. போதுமா?”

“எனக்கும் மூணு வருஷம் எரிஞ்சுதுடா. நீ கூட்டத்துக்கு வராதப்போ ஒரு நாளாவது உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேனா?”

லமார்கஸ் பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோச் அறைக்குப் போனான். “அவன் குழம்பல. நான்தான் மாத்திச் சொன்னேன்” என்றான். அவர் கதவைக் காட்டினார். சொல்லிவிட்டால் எரிச்சல் அடங்கும் என்று நினைத்திருந்தான். அடங்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாய்ந்து வந்த ஒருவனை ஹோலிஸ் நெஞ்சால் முட்டி நிறுத்த, வெஸ்லி நிதானமாகப் பந்தை எறிந்தான். “நம்ம ஹோலிஸ்டா!” என்று அம்மா கை தட்டினாள்.

லமார்கஸ் எழுந்து வாசலுக்குப் போய்க் காரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்க்காமலே கேட்டான்.

“யாரும்மா ஜெயிக்கிறாங்க?”