சிவப்புக் கயிறு கட்டிய தட்டுகள்

சேத்ர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அன்று தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. சிப்பி வளர்ப்பவர்கள் சேற்றில் இறங்கி, கைவிடப்பட்ட சிப்பித் திடல்களில் புதைந்து கிடந்த பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எழுபத்தாறு வயது ஜோசெத்தை வரவேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவள் யார் பேச்சைக் கேட்டாள்?

இன்று சுத்தம் செய்வது அவள் கணவன் ரெமியின் திடல். அவன் இறந்து ஒன்பது வருடம். சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர்வதற்காகக் கம்பியில் கோத்து இறக்கிய பிளாஸ்டிக் தட்டுகள் அப்படியே கிடந்தன. கம்பி நுனியில் சிவப்புக் கயிறு கட்டுகிறவன் அவன் ஒருவன்தான். சிவப்பு கண்ணில் பட்டபோதெல்லாம் ஜோசெத் முந்திக்கொண்டு கயிற்றை அறுத்து, பைக்குள் அடியில் திணித்தாள். அவன் பெயர் அடிபடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஆள் சேர்த்த கோராலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஊருக்குப் புதியவள், சென்ற வருடம்தான் தொழிலுக்கு வந்தவள்.

"இந்தச் சனியனை ஆத்துல முதல்ல இறக்கினவன் யாருன்னு தெரிஞ்சா, எல்லாத்தையும் அவன் கல்லறையில கொண்டுபோய்க் கொட்டிட்டு வருவேன்."

ஜோசெத் பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கல்லறையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

பிளாஸ்டிக் தட்டு வருவதற்கு முன்பெல்லாம் சிப்பிக் குஞ்சு ஒட்டக் கூரை ஓடுகள்தான். ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது பெண்கள் வேலை. ஒரு குளிர்காலத்தில் சுண்ணாம்பு அரித்து அவள் விரல்கள் வெடித்து, கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் போனது. ரெமிதான் சூப்பை ஊட்டிவிட்டான். அடுத்த வசந்தத்தில் வண்டி நிறையத் தட்டுகளோடு வந்து நின்றான். இனி நீ சுண்ணாம்பைத் தொடக் கூடாது என்றான். முதலில் அவனைப் பார்த்துச் சிரித்த ஊரே இரண்டு வருடத்தில் அவனிடம் வந்து விலை கேட்டது. கொட்டகையில் ரேடியோவைப் பாடவிட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்து இருவரும் தட்டுக் கோப்பார்கள். அவன் ஏதாவது சொல்லுவான், இவள் சிரித்துச் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிடுவாள். புயலில் பாதி அடித்துக்கொண்டு போனாலும் புதிதாக வாங்கி இறக்கினார்கள். போனது எங்கே போகும் என்று அன்றைக்கு யார் யோசித்தது? அந்த மாதிரி வருடங்கள் அவளுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

ஜோசெத் பையைக் கவிழ்த்தாள். சிவப்பு நுனிகள் சேற்றில் சிதறின.

"என் புருஷன்தான் கொண்டுவந்தாரு. என் கை வெடிச்சதைப் பார்க்க முடியாம."

கோராலி முகம் வெளுத்தது. "மதாம், நான் தெரியாம..."

"நீ சொன்னது தப்பில்ல. கொட்டணும்னா பாதியை எனக்கும் வை. கூட உட்கார்ந்து கோத்தது நான்தான்."

ஜோசெத் குனிந்து அடுத்த கம்பியைப் பற்றினாள். அது அசையவில்லை. கோராலி வந்து மறுநுனியைப் பிடித்தாள்.

"ஆனா அப்போ நாங்க சந்தோஷமா இருந்தோம், கோராலி. அதையும் குப்பைன்னு சொல்லிடாத."