முனியாண்டிக்கு ஒரு சென்டிமீட்டர்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மகேந்திரன் அண்ணனின் மூன்றாவது பெட்டி என் முனியாண்டி கோயிலின் சூலத்தில் இடித்துத் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. பெரிய சத்தமில்லை. தீப்பெட்டி தரையில் விழுந்தால் வருகிற சத்தம்தான். ஆனால் ஈப்போவின் அந்தச் சமூக மண்டபத்தில் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பதினாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். பொம்மை என்று சொன்னால் பமேலா அக்காவுக்குப் பிடிக்காது. மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு பலகை. வீட்டிலேயே தண்டவாளம் போட்டு, வீடு, மரம், வாய்க்கால் எல்லாம் செய்து எடுத்து வருவோம். கண்காட்சியன்று பலகைகளை வரிசையாகத் திருகி இணைத்தால் ஒரு பெரிய வட்டம் வரும். நாலு மூலைகளும் வளைவுப் பலகைகள். அவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வட்டம் மூடாது. கிழக்கு மூலை என்னுடையது.

அந்த மூலையை நான் இரண்டு முறை கொண்டுவராமல் விட்டிருக்கிறேன். முதல் முறை போனை எடுக்கவில்லை. இரண்டாவது முறை காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இரண்டு முறையும் தண்டவாளம் மட்டும் போட்ட பழைய வெற்றுப் பலகை ஒன்றை அந்த இடத்தில் சொருகி ரயிலை ஓட்டினார்கள். பல்லில் விழுந்த ஓட்டை மாதிரி இருந்தது என்று பமேலா அக்கா சொன்னார். பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறவர். எதற்கும் பல்லைத்தான் உவமை சொல்வார். அடுத்தடுத்த கண்காட்சிகளின் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவதும் அவர்தான். இன்று ஈப்போ, டிசம்பரில் தெலுக் இந்தான், மார்ச்சில் சித்தியவானில் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு பலகைக்கும் நேராக ஒரு பெயர் இருக்கும். போன மாதம் எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு வந்தது: "இந்தத் தடவயும் நீ வரலன்னா மூலைய பாஸ்கலுக்குக் குடுத்துருவேன் சுரேன். கோவிச்சுக்காதே."

பாஸ்கலும் எங்கள் குழுவில் ஒருவன்தான். கோபம் வரவில்லை. சொன்னது நியாயம். பாலிடெக்னிக்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவன் நான். லாரி லைசென்ஸ் வகுப்பைப் பாதியில் விட்டேன். கித்தார் ஒன்று அலமாரி மேல் கிடக்கிறது. கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட்டை மட்டும் இன்னும் விடவில்லை. இந்தப் பலகையை முடித்துவிட்டேன் என்று சொன்னபோது அம்மா, "பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்து, குளிக்காமல், பலகையைப் போர்வையில் சுற்றி நண்பனின் வேனில் ஏற்றிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வந்திருந்தேன்.

மகேந்திரன் அண்ணன் குனிந்து பெட்டியைக் கையில் எடுத்தார். தெலுக் இந்தானில் எண்ணெய்ப்பனை லாரி ஓட்டுகிறவர். உள்ளங்கை அந்தப் பெட்டியை விட அகலம். ஏழு பெட்டிகள் கொண்ட அந்த ரயிலை இரண்டு வருடமாகச் செய்திருந்தார். சன்னலுக்கு சன்னல் விளக்கு எரியும். நிஜ ரயிலின் ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்து எஞ்சினுக்குள் வைத்திருந்தார். கதவு திறந்ததும் முதலில் ஓடுவது குழுவிலேயே நீளமான ரயில் என்பது எங்கள் வழக்கம். இந்த முறை அது அவருடையது.

"பெயிண்டு போயிருச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"சாமி கீறுனதுதானே, விடு" என்றார். ஆனால் கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பமேலா அக்கா அளவுகோலோடு வந்தார். சூலத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். "எத்தன அடின்னு கணக்கு வெச்சே?"

"போட்டோவ பாத்து அளந்தேன்க்கா. அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம ரயில் அளவுக்கு எண்பத்தேழால வகுத்தேன். சரியா இருக்கு."

"சரியா இருக்கு. அதான்டா தப்பு."

சொன்ன உடனேயே புரிந்துவிட்டது. சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தைத்தான் பலகையில் செய்திருந்தேன். அங்கே தண்டவாளம் மெதுவாக, நிதானமாக வளையும். அந்த வளைவை அப்படியே சுருக்கினால் இந்த ஒரு மூலையே பத்தடி பிடிக்கும். அதனால் எல்லோரும் வளைவை மட்டும் இறுக்கிச் செய்வோம். இறுக்கிய வளைவில் நீளப் பெட்டியின் வயிறு உள்பக்கமாகப் பிதுங்கும். முதல் வாரம் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருப்பது ஒரு குட்டி எஞ்சின் மட்டும்தான். அதை ஓட்டிப் பார்த்து, இடிக்கவில்லை என்று திருப்தியாகிவிட்டேன். வளைவைப் பொய்யாகச் செய்துவிட்டு, அதன் ஓரத்தில் கோயிலை மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் வைத்திருந்தேன்.

"எவ்ளோ தள்ளணும்?"

"ஒரு சென்டிமீட்டர். பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம்."

நான் கோயில் மேல் கை வைத்தேன். பாதிப் பெருவிரல் உயரம். அட்டை, பற்பசை டியூபின் தகரம், சூலத்துக்கு ஊசி. அசைத்துப் பார்த்தேன். வரவில்லை. எதையும் முடிக்காதவன் முடித்தால் இப்படித்தான் ஒட்டுவான் போல.

"ஏய், ஏய், கைய எடு!" மகேந்திரன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னலா நீ, சாமிய பல்லு புடுங்குற மாரி ஆட்டுறே?"

"அண்ணே, அட்டைண்ணே. நான்தான் செஞ்சேன்."

"எல்லா சாமியும் யாரோ ஒருத்தன் செஞ்சதுதான். சொல்லாம கொள்ளாம பேத்து எடுப்பியா? நான் லாரி ஓட்டுறவன் தம்பி. ராத்திரி பகல்னு முனியாண்டி முன்னாடிதான் போய்ட்டு வாரேன். என்னால முடியாது."

"நான் எடுக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"சாமிய பேத்த எடத்துல என் ரயில விடச் சொல்றியா?" அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பஞ்சு வைத்த அட்டைப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். "பரவால்ல. சின்ன ரயில் எதாச்சும் ஓட்டுங்க. நான் டிசம்பர்ல எங்க ஊர்ல ஓட்டிக்கிறேன்."

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிதானமாக மடித்து மடித்துப் பஞ்சை வைத்தார். மணி ஒன்பது இருபது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசை சேர ஆரம்பித்திருந்தது. வெற்றுப் பலகை காருக்குள்தான் இருக்கிறதா என்று பாஸ்கல் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. போர்வையை எடுத்து மூலையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு நன்றாகப் பழக்கமான யோசனை அது.

அப்போது பின்வாசல் வழியாக அம்மா உள்ளே வந்தார். கையில் நாலு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. பின்வாசல் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் அம்மாவின் பெயர் மாரியம்மா. இருபத்திரண்டு வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுத்தவர். இப்போது ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறார்.

"பத்து மணிக்குத்தானே வரச் சொன்னேன்."

"முன்னாடியே வந்தாத்தானே நீ ஓடிப் போறதுக்குள்ள புடிக்கலாம்."

பமேலா அக்கா சிரித்த சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. அம்மா என் பலகையைப் பார்த்தார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், குழாயடி, எண்ணெய்ப்பனை, கிழிந்த வலையோடு பந்துக் கம்பம். கோயிலிடம் வந்ததும் குனிந்தார். மகேந்திரன் அண்ணன் நடந்ததைச் சொன்னார். ஒரு பஞ்சாயத்தில் வழக்கு வைப்பதுபோல் இரண்டு தரப்பையும் அவரே சொன்னார்.

அம்மா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டாவது தண்டவாளம் போட வந்தப்ப, சாமிய அங்கயிருந்துதான் லாரியில ஏத்துனோம். ரயிலுக்குக் கிட்ட இருக்கு, ஆகாதுன்னாங்க. நீ மறுபடி அங்கயே கொண்டாந்து வெச்சிருக்கே. இடிக்காம என்ன செய்யும்?"

"போட்டோ அது ஒண்ணுதான்மா இருந்துச்சு."

"ஒரு தடவ நவுந்தவருதான். முறையா கேட்டா இப்பவும் நவுருவாரு." மகேந்திரன் அண்ணன் பக்கம் திரும்பினார். "பாலஸ்தாபனம் பண்ணித்தான் எடுத்தோம் அன்னைக்கி. சாமிய கலசத்துல இருக்கச் சொல்லிட்டு, கட்டடத்த எடுத்து வெச்சிட்டு, திரும்ப கூப்பிட்டோம். இவரு இத்துனூண்டு. அஞ்சு நிமிசம் போதும்."

மகேந்திரன் அண்ணனின் முகம் மாறியது. பஞ்சைக் கீழே வைத்தார்.

கலசத்துக்குப் பசை பாட்டிலின் மூடியைக் கழுவி மினரல் வாட்டர் ஊற்றினோம். எலுமிச்சம்பழம் வேண்டும் என்றார் அம்மா. பமேலா அக்கா தான் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் பானப் பொட்டலத்துக்குள் மிதந்த கஸ்தூரி எலுமிச்சையைக் காட்டினார். "பிழிஞ்சத சாமிக்கு வெப்பியா பிள்ள? உங்க மாதாவுக்கு கருகுன மெழுகுவத்திய வெப்பியா?" என்று அம்மா கேட்க, பமேலா அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே பானம் விற்கும் தண்ணீர்க்கடைக்கு ஓடினார். முழுப் பழத்தோடு வந்தார். பழத்தைக் கோயில் பக்கத்தில் வைத்ததும் கோபுரத்துக்கு மேலே ஒரு பச்சை மலை நின்றது. கற்பூரம் ஏற்ற முடியாது. நெருப்புக் கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. மகேந்திரன் அண்ணன் கைத்தொலைபேசியின் டார்ச்சைப் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினார். அம்மா கண்ணை மூடி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல, "கொஞ்ச நேரம் இந்த மூடியில இருங்க சாமி. புள்ள அளவு தெரியாம வெச்சிட்டான்" என்றார்.

"அளவு தெரியும்மா."

"சும்மா இரு."

பிறகு பமேலா அக்கா தன் பையிலிருந்து பல் காரை சுரண்டும் கம்பியை எடுத்தார். கிளினிக்கில் தேய்ந்து கழித்துப் போட்டது. அதன் வளைந்த நுனியைக் கோயிலின் அடியில் விட்டு, ஓரம் ஓரமாக நெம்பினார். "வாயத் திற சாமி, வலிக்காது" என்றார். மகேந்திரன் அண்ணன் சிரிக்கக் கூடாது என்று மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. கோயில் ஒரு துண்டாக, ஒரு கீறல் இல்லாமல் என் கைக்கு வந்தது.

ஒரு சென்டிமீட்டரும் இன்னும் கொஞ்சமும். இந்த முறை நான் போட்டோவைப் பார்க்கவில்லை. கீறல் விழுந்த பெட்டியையே தண்டவாளத்தில் வைத்து, கையால் தள்ளிப் பார்த்து, அதன் வயிறு எங்கே வருகிறதோ அங்கிருந்து அளந்தேன். பழைய இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அதன் மேல் புல் தூளைத் தூவினேன். அம்மா மூடியிலிருந்த தண்ணீரை விரலால் தொட்டுக் கோயில் மேல் ஒரு சொட்டு விட்டார். அந்த ஒரு சொட்டில் படி, சூலம், முனியாண்டி எல்லாம் நனைந்தது. மிச்சத் தண்ணீரை என் தலையில் தெளித்தார். குளிக்காமல் வந்தது தெரிந்திருக்கும்.

மணி ஒன்பது ஐம்பத்து இரண்டு. மகேந்திரன் அண்ணன் பெட்டிகளை மறுபடி மாட்டினார். எஞ்சினின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். புது லாரிக்கு வைப்பதுதானே என்றார். "அண்ணே, ரயில விட பழம் பெருசுண்ணே" என்றேன். யோசித்துவிட்டு, என் அம்மாவிடம் கேட்டு, பமேலா அக்காவின் பிழிந்த எலுமிச்சையிலிருந்து ஒரு விதையை மட்டும் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்தார். ரயில் கிளம்பியது. கிழக்கு மூலைக்கு வந்தது. முதல் பெட்டி, இரண்டாவது. மூன்றாவது பெட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சூலத்தைத் தாண்டியது. நடுவில் ஒரு விரல்நகம் போகும் இடைவெளி. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது பெட்டியின் பின்விளக்கு எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் மறைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"தாண்டியாச்சுலா!" என்று மகேந்திரன் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். கதவைத் திறந்தார்கள்.

அதற்கப்புறம் கூட்டம். நான் வட்டத்துக்கு உள்ளே நின்று நாசி லெமாக் தின்றேன். சந்தோஷமாக இருந்தது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பமேலா அக்கா டிசம்பர் பட்டியலோடு வந்து, கிழக்கு மூலைக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாயில் சோறு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். "எழுதிட்டேன். இனி காய்ச்சல் வந்தாலும் பல்லுவலி வந்தாலும் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிப்பக்கம் அம்மா ஒரு சீனப் பெண்மணிக்கு என் பலகையை விளக்கிக்கொண்டிருந்தார். பாதி மலாய், பாதி கை. இது எங்கள் வீடு, இது தண்ணீர்க் குழாய், இந்தப் பச்சை மலை நிஜத்தில் கிடையாது. மகேந்திரன் அண்ணன் எதிர்ப்பக்கம் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். லாரிக்காரர்கள் சாலையோர முனியாண்டியைத் தாண்டும்போது செய்வதை அவரும் செய்துகொண்டிருந்தார். ரயில் மூலைக்கு வரும் ஒவ்வொரு முறையும், கோயிலுக்கு நேராக, ஹாரனை ஒரே ஒரு தடவை சின்னதாக அழுத்துவார். சத்தம் கேட்டதும், பேச்சை நிறுத்தாமலேயே, அந்தப் பெண்மணியிடமிருந்து பார்வையைக்கூடத் திருப்பாமல், அம்மாவின் வலது கை மட்டும் தானாக மேலே எழுந்து இரண்டு கன்னத்தையும் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. ஏழு பெட்டிகளும் வரிசையாக வளைந்து போயின. நாலாவது சுற்றில் சீனப் பெண்மணியின் கையும் பாதி தூரம் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல், காற்றில் நின்றது.