பானு பார்த்த நட்சத்திரம்

சூரியன் நின்றது ஒரு கிருத்திகையன்று. அதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

ஒரு வருடமாகவே பூமி சுற்றுவது மந்தப்பட்டுக்கொண்டு வந்தது. பகல் நீண்டது, இரவும் நீண்டது. மரக்காணத்தில் கடல் பின்வாங்கிப் போனதால் எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்கு மீன் வண்டி வருவதில்லை. ஒருநாள் சுற்றல் அடியோடு நின்றுவிடும் என்று டிவியில் சொன்னார்கள். பிறகு டிவியே நின்றுவிட்டது. நாங்கள் பாட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். எதுவும் பழகிப்போகும் பாழாய்ப்போன புத்தி மனிதனுக்கு.

அன்று மயிலம் மலைக்கு மேலே, இரண்டு பனை உயரத்தில், சூரியன் நின்றது. பிறகு இறங்கவே இல்லை.

என் மனைவி பானுப்ரியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. முருகனுக்கு வேண்டிக்கொண்டு மாதா மாதம் கிருத்திகை விரதம் இருந்தாள். வானத்தில் ஒரு நட்சத்திரத்தையாவது கண்ணால் பார்த்த பிறகுதான் சோறு, அதுவரை தண்ணீர் மட்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கம் வகுத்த மகராசர்கள் வானம் இப்படிக் கழுத்தறுக்கும் என்று கண்டார்களா?

"சாப்புடு பானு. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"பாத்துட்டு சாப்புடறேங்க. நடுவுல உட்டா கொழந்தைக்கு ஆவாது."

தூங்கி எழுந்தோம். சூரியன் அங்கேயே இருந்தது. மறுபடியும் தூங்கி எழுந்தோம். கொல்லையில் மல்லாட்டைச் செடி மண்ணுக்குள் கடலையோடு சருகாகிவிட்டது. பானுவின் உதடு வெடித்து, பேச்சு குழறியது.

கிராம நர்ஸ் அமலா வந்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கொழந்தை அசைவு கொறஞ்சிப் போச்சி. ஜல்தியா எதனா குடுங்க. இல்லன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

கேப்பைக் கூழ் காய்ச்ச வெளி அடுப்பைப் பற்றவைத்தேன். கூழ் வெந்து வரும்போது, புகையைப் பார்த்து வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. முன்னால் என் பெரியப்பா கிருஷ்ணசாமி. பின்னால் பாதி ஊர்.

"அடுப்ப அணைடா வேங்கடேசா."

"எதுக்கு?"

"அவ விரதம் இருந்த அன்னிக்குத்தான் சூரியன் நின்னுது. முருகன் சோதிக்கிறாரு. அவ தாங்கினாத்தான் எறங்கும். எங்க வூட்டுப் பொம்பளைங்களும் அவகூட பட்டினி கெடக்கறாங்க. நடுவுல உட்டா நாம எல்லாரும் வெந்து சாவறோம்."

"சயின்ஸ்காரன் சொன்னத நீயுந்தான கேட்ட? அவ செத்துட்டா எறங்குமா?"

அவர் என் கண்ணைப் பார்க்காமல் அடுப்பைக் கைகாட்டினார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். அவர் பின்னால் நின்றவர்களில் ஒருவன் கையில் மண்வெட்டி இருந்தது. சூரியனைவிட இவர்களுக்கு அதிகமாகப் பயந்தேன்.

கூழ்ப் பானையை எடுத்துக்கொண்டு பானு படுத்திருந்த அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். மல்லாட்டை மூட்டை அடுக்கும் அறை அது. கூரை தகரம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். அறை கும்மிருட்டானது. மேலே தகரத்தில், ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று மட்டும் மினுக்கென்று தெரிந்தது.

"பானு, மேல பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். அந்த ஓட்டை அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அதற்கு நேர் கீழே குண்டான் வைப்பதே அவள்தான்.

"நட்சத்திரம்ங்களா?"

"ஆமா."

கைகூப்பினாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் ஊட்டிய கூழில் பாதி கன்னத்தில் வழிந்தது. மூன்றாவது வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை விழுந்தது.

அதே நேரம் கதவில் அடி விழுந்தது.

"தொறடா! ஏன் இருட்டு பண்ணிக்கினு இருக்கிற?"

கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு திறந்தேன். எவன் முதலில் காலை வைத்தாலும் போட்டுவிடுவது என்றுதான் நின்றேன். பெரியப்பா மட்டும் உள்ளே வந்தார். அவள் கன்னத்தில் காயாத கூழைப் பார்த்தார்.

"நட்சத்திரத்தப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா." பானு மேலே காட்டினாள்.

அவர் தானே கதவைச் சாத்தினார். அவள் காட்டிய ஓட்டையை இருட்டில் அண்ணாந்து பார்த்தார். நான் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நட்சத்திரம் கெடக்குது," என்றார். "என் கண்ணால பாத்தேன். போய் அடுப்பு மூட்டச் சொல்லுங்க எல்லாரையும்."

கூட்டம் முழுக்க வெள்ளை வெயிலில் அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தில் தேடியது. சூரியன் இம்மியும் நகரவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நான் உள்ளே வந்து கடப்பாரையைச் சாய்த்து வைத்தேன். பானு இன்னும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கொழந்த பொறந்தா ஜாதகத்துல என்னா நட்சத்திரம்னு எழுதறது?"

"ஆணி நட்சத்திரம்னு எழுதிக்கலாம்," என்றேன் வேடிக்கையாக.

அவள் சிரிக்கவில்லை. "இத அடைச்சிடாதீங்க," என்றாள். "அது பொறந்து கேட்டா காட்டறதுக்கு நமக்கு வேற நட்சத்திரம் இல்ல."