பன்னிரண்டு கரடிகளும் ஒரு மாஸ்டர் சாவியும்

1.

சம்பவத்தின்போது இருந்தவர்கள்: அக்கா, நாடகங்களுக்கு உடை தைப்பவள். அத்தான், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பராமரிப்பாளர். நான், வேலையில்லாதவன். போனில், துணி வெட்டும் கடைக்காரர். கணினிக்குள், பன்னிரண்டு கரடிகள்.

இப்படித் தொடங்குவது பழக்கதோஷம். சர்வர் அறையில் இரண்டு வருடம் இரவு வேலை பார்த்தேன். எந்தக் கோளாறானாலும் அறிக்கையின் முதல் வரியில் யார் யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த வரி என்னை விடவில்லை.

உண்மையில் அக்கா கதை கேட்கவில்லை. "அடுத்த தடவை நீ இல்லன்னா என்ன பண்றதுன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுடா. மேசைக்கு மேல ஒட்டி வெச்சுக்கறேன்" என்றாள். உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அத்தான் அடங்கவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: "திரை இருண்டது. அக்காவின் உலகமும்..." வேண்டாம். அக்காவின் உலகம் இருளவில்லை. கத்தினாள், அவ்வளவுதான்.

தொடக்கம் இரண்டு: "லினக்ஸ் கணினியில் உள்நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வருமானால், முதற்கண்..." நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது.

தொடக்கம் மூன்று, நடந்தபடி: மதியம் இரண்டே முக்கால். அக்கா பாஸ்வேர்டு போட்டாள். திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடி அதே பெயர், அதே கட்டம், அதே கேள்வி. எட்டு முறை. பாஸ்வேர்டு தப்பென்றால் தப்பு என்று சொல்லும். இது சொல்லவில்லை. வா என்று கூப்பிட்டு, உள்ளே வந்தவளைக் கொல்லைப்புறமாக வெளியே அனுப்பியது.

குழந்தைகள் நாடகத்துக்கான பன்னிரண்டு கரடி உடைகளுக்குத் துணி வெட்டும் வரைபடங்கள் உள்ளே இருந்தன. நாலு மணிக்குள் வெட்டும் கடைக்குப் போக வேண்டும். பிறகு கடை ஒரு வாரம் மூடல். நாடகம் ஆறாம் நாள். அந்தக் கடை மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது, பென்டிரைவைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

"கரடி எங்கம்மா?" என்றார் கடைக்காரர், போனில்.

"உள்ளதான் இருக்கு அண்ணே. வெளிய வரமாட்டேங்குது."

"நாலு மணிக்கு ஷட்டரை இறக்கினேன்னா அப்புறம் சிங்கமே வந்தாலும் தூக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

3.

என்னை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படமில்லாத கறுப்புத் திரை வந்தது. அங்கே அக்காவின் பாஸ்வேர்டு வேலை செய்தது. ஆக, பாஸ்வேர்டில் குற்றமில்லை. ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறதா பார்த்தேன். ஏராளம். பிறகு அக்காவின் கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் அவள் பெயரில். ஒன்று மட்டும் ரூட் பெயரில்.*

"யாரு கை வெச்சது?"

"நான் தொடவே இல்ல மாப்ள" என்றார் அத்தான். பிறகு, "காலைல துணியால துடைச்சேன்."

"எதை?"

"கீபோர்டை. என்னமோ ஆகி இதே கறுப்புத் திரை வந்துச்சு. உங்கக்கா பாஸ்வேர்டு போட்டு உள்ள போனேன். ஸ்டார்ட்எக்ஸ்னு அடிச்சா படம் வரும்னு போன்ல போட்டிருந்துச்சு. அடிச்சேன், அனுமதி இல்லன்னுச்சு. என்கிட்டயேவா? முன்னாடி சூடோ போட்டேன். பொத்துனு வந்துருச்சு! ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டேன்."

குரலில் பெருமை.

(* ரூட் என்பவர் கணினியின் முதலாளி. கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டால், அந்தக் கட்டளை மட்டும் முதலாளி போட்டதாக நடக்கும்.)

[இந்த இடத்தில் எனக்கு அத்தான் பாத்திரத்தின்மேல் சந்தேகம். கட்டடத்தின் நாற்பது கதவுக்குமான மாஸ்டர் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருந்தாலும், சொந்த வீட்டையும் மாஸ்டர் சாவியால்தான் திறப்பார். வேறு யாராவது எழுதியிருந்தால் "ரொம்பத்தான் பொருத்தம்" என்று அடித்திருப்பேன். என்ன செய்ய, அக்கா கட்டிக்கொண்டது இவரைத்தான்.]

படத்திரைக்குள் நுழைய ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பு. ஒவ்வொரு முறையும் நுழைகிறவர் பெயரில் அதில் எழுதப்படும். அத்தான் முதலாளியாக நுழைந்ததால் சீட்டு முதலாளி பெயருக்குப் போய்விட்டது. அக்காவால் அதில் எழுத முடியவில்லை.

"என் வீட்ல என் சீட்டு எவனோ பேர்லயா?" என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து.

சூடோ போட்டு, சீட்டை அவள் பெயருக்கு மாற்றினேன்.

"இப்ப நீ மட்டும் போடலாமா?" என்றார் அத்தான்.

"முதலாளி பேர்ல இருக்கறதை முதலாளிதான் மாத்தித் தர முடியும் அத்தான். மாத்தினதும் வெளிய வந்துடணும். உள்ளயே குடித்தனம் பண்ணக் கூடாது."

அந்த நொடியில், நான் விட்டுவந்த வேலையை நினைத்து எனக்கு [இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

4.

மூன்று முப்பத்தொன்று. அக்கா பாஸ்வேர்டு போட்டாள். திரை கறுத்தது. இந்த முறை அந்தக் கேள்வி திரும்பி வரவில்லை.

"கரடி!" என்று அத்தான் குதித்துப் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா என் முதுகில் வைத்த அறை இன்னும் வலிக்கிறது. கோளாறு சரியானதும் யாராவது குதிப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சர்வர் அறையில் யாரும் குதித்ததில்லை.

5.

முடிவு அ: ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அக்கா குனிந்து நுழைகிறாள்.

முடிவு ஆ: ஷட்டர் விழுந்துவிட்டது. அக்கா கையாலேயே வெட்டுகிறாள். பதினொரு கரடி, ஒரு முயல்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். எனக்கு இட்ட வேலை கணினியைத் திறப்பது. பென்டிரைவில் ஏற்றி முடித்தபோது மணி மூன்று முப்பத்தாறு. கடை இருபது நிமிட நடை. அக்கா நடந்து யாரும் பார்த்ததில்லை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த கடைசி வரி இது. அவள் வழக்கம்போல் கதவை விரியத் திறந்துபோட்டு ஓடினாள். அத்தானின் கை இடுப்புக்குப் போனது, நின்றது. சட்டைப்பையில் தேடி வீட்டுச் சாவியை எடுத்தார். கதவைச் சாத்தி, பூட்டினார்.