உர்சுலாவின் சாட்சி

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்கத்தான் உர்சுலா போதகர் வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் அவளுக்கே பரீட்சை வைத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து வயிற்றில் பால் தங்காத பிள்ளை மடியில் முனகிக்கொண்டு கிடந்தது. எதிரே போதகர் திரேல், பக்கத்தில் மூப்பர் கெட்னி.

அந்தக் காலத்து மாசசூசெட்ஸில் தாயோ தகப்பனோ சபையில் சேர்ந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர். சேர வேண்டுமானால், தன் பாவத்தை நினைத்து நடுங்கியதையும் பிறகு கிருபை வந்து தொட்டதையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் ஜேபஸ் இதே ஊரில் வளர்ந்தவன். அவனே பயந்துகொண்டு இத்தனை வருஷமாக வாய் திறக்கவில்லை. இப்போதும் வாசலோரம் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான், பெரிய ஆண்பிள்ளை.

அவள் பிறந்த வர்ஜீனியாவில் இந்த வம்பே கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் புகையிலை. போதகர் எப்போதாவது படகில் வருவார், இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் தெளிப்பார், ஒயின் குடிப்பார், போய்விடுவார். காய்ச்சல்தான் ஈவிரக்கமில்லாமல் வாரிக்கொண்டு போகும். அவள் தம்பி தங்கைகள் அப்படித்தான் போனார்கள். ஆனால் தண்ணீர் பட்டுத்தான் போனார்கள்.

"சொல்லும்மா, உன் பாவத்தை நெனச்சு மொதல்ல எப்போ நடுங்கினே?" என்றார் போதகர்.

"நடுங்கினதில்லைங்க ஐயா. சின்ன வயசுலேருந்தே ஆண்டவர் கைவிடமாட்டார்னு நம்பிக்கை."

"ஒரு நாள்கூட சந்தேகம் வரலையா?"

"வரலைங்க."

மூப்பர் சிரித்தார். "புகையிலை ஊர்ல மோட்சம் சும்மாவே கிடைக்குது போல! குதிரைப் பந்தயமும் சீட்டாட்டமுமா இருந்தா நடுக்கம் எங்கேருந்து வரும்?"

"அங்க யார் கதவைத் தட்டினாலும் சோள ரொட்டியைப் போட்டுட்டுத்தான் பேரே கேப்பாங்க ஐயா," என்றாள் அவள்.

ஜேபஸ் வந்து காதருகே குனிந்தான். "கொஞ்சம் அழுதுடேன்டி. எல்லாரும் அழுதுதான் சேர்ந்தாங்க."

"ஏன், நீங்க அழுறதுதானே?"

போதகர் பெருமூச்சு விட்டார். "இப்போதைக்கு முடியாதும்மா. வசந்த காலத்துல பாக்கலாம்."

"அதுவரைக்கும் இது இருக்குமாங்க?"

"அது ஆண்டவர் சித்தம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் சபையில் இடமில்லை, அழுது நடித்தால் இடமுண்டு! எழுந்தே விட்டாள்.

"அப்போ அந்த ஆண்டவர் மேலயே எனக்கு ஆத்திரமா வருது! சாகக் கெடக்குற பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு என்கிட்ட கதை கேக்குறவரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!"

ஜேபஸின் முகம் வெளுத்துப்போனது. போதகரின் முகமோ மலர்ந்தது. முதல் தடவையாக அவளை அன்போடு பார்த்தார்.

"இதாம்மா, இதான் ஆரம்பம்! உள்ள இருந்த கெடுதி வெளிய வந்துடுச்சு. இனிமே நடுக்கம் வரும், அப்புறம் கிருபையும் வரும். பனி உருகினதும் வந்து சபை முன்னால இதையே சொல்லு."

உர்சுலா பிள்ளையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வருஷத்து முதல் பனியே இன்னும் விழுந்திருக்கவில்லை.